ஓட்டுநருக்கு உரிமம் உண்டு, கிளை மேலாளருக்கு?

சனிக்கிழமை என்றால் காரைக்காலுக்குப் பொழுது சற்று முன்னதாகவே விடிந்துவிடும். திருநள்ளாற்றுச் சனி பகவான் கோயிலின் நள தீர்த்தத்தில் முழுக்குப் போட வருகிற வெளியூர்க்காரர்கள் இரவு வண்டியில் வந்து இறங்கி, அங்கே போகும் டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று டீக்கடையில் விசாரிக்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர்தான் தூரம். மற்ற நாட்களில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும் பயணம். சனிக்கிழமை வெயில் ஏற ஏற அதே சாலையைக் கார்களும் வேன்களும் அடைத்துக்கொள்ள, பேருந்து ஊர்ந்து போகிறது. நிறுத்தத்தில் அரை மணி நேரம் காத்துக் கிடந்தவர்கள் முன்னால் இரண்டு பேருந்துகள் ஒன்றன் வால் பிடித்து ஒன்றாக வந்து நிற்கின்றன. முன்னதில் படியில் கால் வைக்க இடமில்லை. பின்னதில் பாதி இருக்கை காலி.

திட்டு முழுக்க ஓட்டுநர், நடத்துநர் தலையில்தான் விழும். அந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், இந்தத் தடத்துக்கு எத்தனை வண்டி, யாருக்கு எந்த டூட்டி என்று முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்லர். அந்த முடிவை எடுத்தவர் பணிமனையில் ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கிறார். கிளை மேலாளர் என்று பலகை இருக்கும். அவர் முகம் பயணிகளுக்குத் தெரியாது. அந்த வேலையை அவருக்கு யார், எங்கே, எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதும் தெரியாது.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருநள்ளாறு போக 20 நிமிடம், திரும்ப 20 நிமிடம், இரு முனையிலும் நிற்க ஐந்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வண்டி ஒரு சுற்று முடிக்க 50 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து வேண்டும் என்றால் ஐந்து வண்டிகள் போதும். சனிக்கிழமை நெரிசலில் 20 நிமிடம் 40 ஆகிவிட்டால் சுற்று 90 நிமிடம். இப்போது அதே பத்து நிமிட இடைவெளிக்கு ஒன்பது வண்டிகள் தேவை. ஐந்தே வண்டிகளை வைத்து ஓட்டினால் இடைவெளி 18 நிமிடமாக நீளும். அதுவும் வண்டிகள் சீராக வந்தால்தான். சற்றுத் தாமதமான வண்டிக்கு நிறுத்தத்தில் கூட்டம் சேரும்; கூட்டம் ஏற ஏற அது மேலும் தாமதமாகும்; பின்னால் வருகிற வண்டிக்கு ஆள் குறைந்து அது விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். நிறுத்தத்தில் நிற்பவர் பார்ப்பது இதன் விளைவைத்தான்.

ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் கூடுதலாக நான்கு வண்டிகளை எந்தத் தடத்திலிருந்து எடுப்பது, அங்கே நிற்பவருக்கு என்ன பதில், எடுத்த வண்டிக்கு ஓட்டுநர் யார், அவர் முந்தைய இரவு எத்தனை மணிக்கு டூட்டி முடித்தார், காலி வண்டியாக ஓடும் கிலோமீட்டருக்கு டீசல் கணக்கை எப்படிச் சொல்வது என்று கேட்கத் தொடங்கினால் அதுவே ஒரு தொழிற்படிப்பின் பாடத்திட்டம் ஆகிவிடும். உலகின் பல நாடுகளில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. இங்கே அது இன்னும் ‘போகப் போகப் பழகிக்கொள்ளும்’ வேலையாகவே இருக்கிறது.

சட்டத்தின் பார்வை எங்கெங்கே படுகிறது என்று பார்த்தால் இந்த இடைவெளி தெளிவாகத் தெரியும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பயணிகள் வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமத்தை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். நடத்துநருக்கும் தனி உரிமம் உண்டு. தமிழ்நாட்டில் அந்த உரிமம் கேட்பவர் முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். பேருந்துக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எஃப்.சி. எனும் தகுதிச் சான்று உண்டு. ஓட்டுபவர், டிக்கெட் கொடுப்பவர், வண்டி என்று எல்லாவற்றுக்கும் தகுதிச் சான்று கேட்கும் சட்டம், அத்தனையையும் ஆட்டிவைக்கும் மேலாளரிடம் தொழில் சார்ந்த சான்று எதையும் கேட்பதில்லை. அவர் பெரும்பாலும் இயந்திரவியலோ ஆட்டோமொபைலோ படித்துப் பணிமனைப் பொறியாளராக வந்தவராக இருப்பார். அல்லது கீழிருந்து படிப்படியாக ஏறி வந்தவராக இருப்பார். கியர் பாக்ஸை ஒலி கேட்டே நோய் சொல்லத் தெரிந்தவருக்குக் கால அட்டவணையின் நோயும் தெரிந்திருக்கும் என்று நிர்வாகம் நம்பிக்கொள்கிறது.

காரைக்காலில் இந்த நம்பிக்கையின் மேல் விழும் பாரம் மற்ற ஊர்களைவிட அதிகம். பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பெற்ற இந்தச் சிறு நிலம், 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962இல் முடிந்தது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். மூன்று புறமும் தமிழ்நாடு, நான்காவது புறம் கடல். வடக்கே தரங்கம்பாடிக்கோ தெற்கே நாகூருக்கோ ஒருவர் டவுன் பஸ்ஸில் போனாலே மாநில எல்லையைத் தாண்டிவிடுகிறார். தன் யூனியன் பிரதேசத்தின் தலைநகரான புதுச்சேரிக்குப் போக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று பெரும்பகுதி தமிழ்நாட்டு மண். ஆகவே, காரைக்காலில் வண்டி ஓட்டும் நிர்வாகம் இரண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்பாட்டையும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவு சொல்லும் வெளிமாநில பர்மிட் நடைமுறையையும் அன்றாடம் கையாள வேண்டும். வேறு ஊரில் ஒரு கிளை மேலாளர் தன் பணிக்காலம் முழுக்கத் தொடாமலே ஓய்வுபெறக்கூடிய பிரிவு அது.

புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்கு, மக்கள் வாயில் பி.ஆர்.டி.சி.க்கு, இந்தச் சிக்கல் நான்கு மடங்கு. 1980களில் சுற்றுலாவும் போக்குவரத்தும் சேர்ந்த ஒரே கழகமாகப் பிறந்து, 2005இல் சுற்றுலா தனியே பிரிந்த பிறகு இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதன் ஆட்சிப் பரப்பு புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேற்று மாநிலச் சாலையில்தான் போக வேண்டும். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என்று மூன்று மாநிலங்களின் விதிகள், வரி, பண்டிகை நாள், சாலை மறியல் எல்லாம் ஒரே சிறு கழகத்தின் மேலாளர் மேசைக்கு வருகின்றன. பெரிய கழகத்தில் இதற்கெல்லாம் தனித்தனிப் பிரிவு இருக்கும். சின்னக் கழகத்தில் ஒரே ஆள்தான் எல்லாம்.

போதாக்குறைக்கு, காரைக்கால் மேலாளர் மூன்று நாட்காட்டிகளைச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். சனிப்பெயர்ச்சிக்கு வாக்கியப் பஞ்சாங்கம். காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவுக்கும் பஞ்சாங்கத்தில் ஆனிப் பௌர்ணமி பார்க்க வேண்டும். நாகூர் கந்தூரிக்கு ஹிஜ்ரி ஆண்டு. அது ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். வேளாங்கண்ணிக்கு ஆங்கில நாட்காட்டி. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. இவை ஒன்றையொன்று நெருங்கி வரும் ஆண்டுகளும் உண்டு. சனிப்பெயர்ச்சியையே எடுத்துக்கொள்ளலாம்: 2023இல் அது டிசம்பர் 20, புதன்கிழமை மாலை 5.20 மணிக்கு. லட்சக்கணக்கானோர் ஒரே சிறு கோயில் நகரத்தில் கூடும் நாளையும் நேரத்தையும் நிமிடம் பிசகாமல் முன்கூட்டியே எழுதித் தருகிற வசதி உலகில் எத்தனை போக்குவரத்து நிர்வாகிகளுக்கு வாய்த்திருக்கிறது! திட்டமிடுதல் என்ற பாடத்துக்கு இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் கிடையாது. கூட்டம் கலைந்த மறுநாளே யாராவது உட்கார்ந்து, எத்தனை வண்டி விட்டோம், எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் தேங்கியது, எவ்வளவு வண்டி காலியாகத் திரும்பியது என்று எழுதி வைத்தால்தான் அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பயன். அடுத்த பெயர்ச்சி வர இரண்டரை ஆண்டு ஆகும். அதற்குள் மேலாளர் மாறியிருப்பார். அவர் தலைக்குள் இருந்த அனுபவம் அவரோடு போயிருக்கும்.

பேருந்து மேலாண்மையில் இந்தப் பகுதிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான பழைய மரபு உண்டு. கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் நிறுவனத்தின் வண்டிகளைப் பற்றிக் காவிரிக் கரைக் கிழவர்கள் இன்றும் பேசுவார்கள். டிவிஎஸ் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது மதுரைப் பக்கத்துப் பழம்பேச்சு. அந்த முதலாளிகள் மேலாண்மைக் கல்லூரிக்குப் போனவர்கள் அல்லர். கல்லாவும் தடமும் ஒரே கையில் இருந்ததால், வண்டி ஐந்து நிமிடம் பிந்தினால் அன்று மாலையே அவர்களுக்குக் கணக்கு தெரிந்தது. 1972இல் பேருந்துகள் அரசுடைமையாகிப் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் வந்தபோது மக்களுக்குக் கிடைத்தது அதிகம். லாபம் வராத சிற்றூருக்கும் வண்டி போனது. மாணவர் பாஸ் வந்தது. ஆனால், முதலாளியின் கண்ணுக்குப் பதிலாக நிர்வாகப் பயிற்சி ஒன்று வந்து அமர்ந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளில் அது வரவும் செய்தது.

1976இல் சென்னை தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் தொடங்கப்பட்டது. கழகங்களுக்கு ஆய்வும் பயிற்சியும் தருவது அதன் வேலை. கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி மையம் அதன் பெயர் சொல்லும் பணி. பிறகு கதை வேறு திசையில் போனது. ஈரோட்டில் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக்குகள், பெருந்துறையில் மருத்துவக் கல்லூரி என்று நிறுவனம் கிளை விரித்தது. போக்குவரத்துத் தொழிலாளியின் பிள்ளை டாக்டராகவும் இன்ஜினீயராகவும் ஆக அங்கே வழி பிறந்தது; அது சிறிய காரியம் இல்லை. பின்னாளில் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளை அரசே எடுத்துக்கொண்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் கல்லூரிகள் நடத்திய ஒரு போக்குவரத்து அமைப்பின் அடையாளமாகப் பேருந்து நிர்வாகப் பட்டம் ஒன்று ஊன்றி நிற்கவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அதிகாரிகளுக்கு நாட்கணக்கில் நடக்கும் வகுப்புகள் உண்டு. புனேயில் 1967 முதல் இயங்கும் மத்தியச் சாலைப் போக்குவரத்து நிறுவனத்திலும் அத்தகைய வகுப்புகள் உண்டு. போய் வந்தவர் சான்றிதழைக் கோப்பில் வைக்கிறார். பதவி உயர்வுக்கு அது கட்டாயமாக இருந்தால்தானே அதற்கு மதிப்பு.

ரயிலோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ரயில்வே அதிகாரிகளுக்கான கல்லூரி 1930இலேயே டேராடூனில் தொடங்கி, 1952இல் வதோதராவின் பிரதாப் விலாஸ் அரண்மனைக்குக் குடிபெயர்ந்தது. தேர்வாணையம் வழியாக ரயில் போக்குவரத்துப் பணிக்கு வருகிற இளைஞர், வண்டிகளை எப்படி அனுப்புவது, எங்கே நிறுத்துவது என்று மாதக்கணக்கில் படித்த பிறகே பொறுப்பு ஏற்கிறார். நிலைய அதிகாரிக்குத் திருச்சியில் மண்டலப் பயிற்சி நிலையம் இருக்கிறது. வதோதராவில் 2018இல் தொடங்கிய ரயில், போக்குவரத்துக் கல்வி நிறுவனம் 2022இல் கதிசக்தி மத்தியப் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. காரைக்கால் ஸ்டேஷனில் பச்சைக்கொடி காட்டுபவர் படித்துத் தேறியவர். அதே ஊர் பஸ் ஸ்டாண்டில் வண்டிகளின் நேரத்தை நிர்ணயிப்பவர் பார்த்துப் பழகியவர்.

இந்தியாவில் முதன்முதலில் அரசு பேருந்து நடத்திய இடம் ஹைதராபாத். 1932இல் நிஜாம் அரசு 27 பேருந்துகளோடு தொடங்கிய அந்தச் சேவை, நிஜாமின் ரயில்வே நிர்வாகத்தின் கீழ்தான் இருந்தது. ரயில் ஒழுங்கு அங்கே பேருந்துக்கும் வந்தது. அந்த மரபில் வந்த ஆந்திரக் கழகம் ஹக்கீம்பேட்டையில் போக்குவரத்துக் கல்விக்கூடம் ஒன்றை வைத்திருந்தது. டிப்போ மேலாளர் என்ற பதவியைக் கழகத்தின் முதுகெலும்பாக மதித்தது. ஏனாம் வண்டிகள் ஓடும் சாலையில்தான் அந்த அனுபவமும் ஓடுகிறது. மாஹே பக்கம் பார்த்தால் வேறொரு பாடம். கடனில் தத்தளித்த கேரளக் கழகத்தை ஆராயக் கொல்கத்தா ஐஐஎம் பேராசிரியர் சுஷில் கன்னாவை அந்த அரசு அழைத்தது. நிதியும் நிர்வாகமும் படித்த தொழில்முறை அதிகாரிகள் மேல்மட்டத்துக்குத் தேவை என்பது அவர் பரிந்துரைகளில் முக்கியமானது. ஓட்டுநர், நடத்துநர் டூட்டி முறையை மாற்றி அமைத்தாலே எவ்வளவு ஆள் மிச்சமாகும் என்ற விவாதம் அங்கே அதற்குப் பிறகு தெருவரை வந்தது. டூட்டி சார்ட் போடுவது குமாஸ்தா வேலை என்ற எண்ணம் கேரளத்தில் அப்போது உடைந்தது.

இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் போக்குவரத்து மேலாண்மைக்கென்றே ஒரு துறையை வைத்திருக்கிறது. அங்கே இளநிலைப் பட்டமாகவே அதைப் படிக்கலாம். சிங்கப்பூர் தரைவழிப் போக்குவரத்து ஆணையம் 2006இல் தனக்கென ஒரு கல்விக்கழகத்தைத் தொடங்கியது. 2016இல் பேருந்துச் சேவையை ஒப்பந்த முறைக்கு மாற்றியபோது, பேருந்துத் தொழிலுக்கென்றே ஒரு பயிற்சிக் கழகத்தையும் கூடவே திறந்தது. முறை மாறும்போது ஆளும் தயாராக வேண்டும் என்ற முன்யோசனை அதில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கறாராக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் 1071ஆம் எண் ஒழுங்குவிதிப்படி, தேர்வு எழுதித் தொழில்தகுதிச் சான்று பெற்ற ஒரு போக்குவரத்து மேலாளரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்காமல் அங்கே யாரும் பேருந்து நிறுவனம் நடத்த உரிமம் வாங்க முடியாது. மேலாளர் தவறினால் அவருடைய தகுதியே பறிபோகும். நம் ஊரில் விபத்து நடந்தால் ஓட்டுநரின் உரிமம் பறிபோகும்; ஓய்வில்லாமல் அவருக்குத் தொடர்ந்து டூட்டி போட்டவர் யார் என்ற கேள்வி கோப்புக்குள் நுழைவதே அரிது.

நல்ல மேலாண்மைக்கு எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். 2024இல் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம், ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் காட்டிவிடும் சிறப்புப் பேருந்தை வார இறுதியில் விட்டது. அப்போது கட்டணம் 750 ரூபாய். விடிகாலையில் கும்பகோணத்தில் கிளம்பி, திங்களூரில் தொடங்கும் சுற்று, இரவுக்கு முன் திருநள்ளாற்றில் முடிகிறது. கேட்க எளிதாக இருக்கும். ஒன்பது கோயில்களும் மதியம் நடை சாத்தும். உச்சிவேளைக்கு முன் எத்தனை கோயில், மாலை நடை திறந்த பின் எத்தனை கோயில், இடையில் சாப்பாடு எங்கே, எந்த இரண்டு ஊருக்கு நடுவில் ரயில்வே கேட் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய அட்டவணை அது. புதிய வண்டி வாங்காமல், சாலையை அகலப்படுத்தாமல், மூளையை மட்டும் செலவழித்து உருவாக்கிய சேவை. இப்படி ஒன்றை யோசிக்கத் தெரிந்தவர்கள் கழகங்களுக்குள் இருக்கிறார்கள் என்பதற்கும் அதுவே சாட்சி. அவர்கள் தற்செயலாகக் கிடைக்கிறார்கள் என்பதுதான் குறை.

இனி வரப்போகும் பேருந்துகள் அந்தத் தற்செயலை நம்பி இருக்க விடா. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் இ-பஸ் சேவா திட்டம் 57,613 கோடி ரூபாய் மதிப்பில் 10,000 மின்பேருந்துகளை நகரங்களுக்குக் கொண்டுவருகிறது. யூனியன் பிரதேசத் தலைநகரங்களும் அதில் இடம்பெறத் தகுதி உள்ளவை. வண்டி தனியாருடையது; ஓட்டுநரும் அவர்களுடைய ஆள். ஓடிய கிலோமீட்டருக்கு அரசு பணம் தரும். 12 மீட்டர் நீளப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாய் வீதம் மத்திய அரசின் பங்கு பத்தாண்டுகளுக்கு வரும். மீதியைத் திரட்டுவது உள்ளூர் நிர்வாகத்தின் பாடு. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகமும் 2025 ஜூன் மாதக் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து மின்பேருந்துகளை இதே போன்ற ஒப்பந்த முறையில்தான் ஓட்டத் தொடங்கியது.

இந்த முறையில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒப்பந்தக்காரருக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் போய்விடும். எனவே, வண்டி காலியாக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கழகத்தின் நேரடி நஷ்டம். வண்டி வராமல் போனால் அபராதம் விதிக்க வேண்டும். அதற்கு வண்டி வரவில்லை என்பதை நிரூபிக்கும் பதிவு வேண்டும். பேட்டரியில் மிச்சம் எவ்வளவு, மதியம் எந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றினால் பயணிகளுக்கு இடைஞ்சல் இல்லை, மின்கட்டணம் எப்போது குறைவு என்பதெல்லாம் கால அட்டவணைக்குள் வந்துவிடும். கிளை மேலாளர் பணிமனைக்காரராக இருந்தது போய், ஒப்பந்தத்தைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு படிக்கும் கணக்காளராகவும் ஆக வேண்டும். டீசல் வண்டிக்குக் கே.எம்.பி.எல். (லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்) பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புது எழுத்து.

தமிழ்நாட்டில் 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லா பயணம் நடைமுறையில் இருக்கிறது. ‘கலெக்‌ஷன் எவ்வளவு’ என்ற ஒரே அளவுகோலை வைத்துத் தடத்தை மதிப்பிட்ட காலம் அத்தோடு முடிந்தது. நடத்துநர் கிழிக்கும் கட்டணமில்லாச் சீட்டு ஒவ்வொன்றும், எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு எத்தனை பெண்கள் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகிறார்கள் என்று சொல்லும் தகவல். அதைப் படித்துத் தடத்தைத் திருத்தத் தெரிந்தவர் கையில் அது தங்கம். தெரியாதவர் கையில் மாதக் கடைசியில் மானியம் கோரும் பட்டியலோடு அதன் வேலை முடிந்துவிடும்.

மேலாளருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்றால் மறுப்பு எளிதாக வரும். ‘வாங்க வேண்டிய பேருந்தே வாங்கவில்லை, ஒப்பந்த ஊழியர்கள் நிரந்தரம் கேட்டு நிற்கிறார்கள், உதிரிபாகத்துக்குப் பணம் இல்லை, இந்த நிலையில் மேலாளருக்கு வகுப்பெடுப்பது, பசித்தவனுக்குச் சமையல் புத்தகம் கொடுப்பதுபோல் இல்லையா?’ பணிமனையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கேட்கக்கூடிய கேள்விதான். அதில் நியாயம் இருக்கிறது. பணப் பற்றாக்குறையைப் பயிற்சி தீர்க்காது. ஆனால், பேருந்து குறைவாக இருக்கும் இடத்தில்தான் ஒரு வண்டியைத் தவறான நேரத்தில் அனுப்புவதன் விலை அதிகம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் நகரத்தில் ஒரு டிரிப் ரத்தானால் யாரும் கவனிக்கப்போவதில்லை. நெடுங்காடு பக்கத்துச் சிற்றூரில் காலை டிரிப் ஒன்று ரத்தானால் ஒரு தெருவின் பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் அன்று கல்லூரிக்குப் போக முடியாது.

இன்னொரு மறுப்பு அதிகாரிகள் தரப்பிலிருந்து வரும்: இதற்கு ஆட்களைப் புனேக்கும் சென்னைக்கும் அனுப்புகிறோமே. அனுப்பலாம். ஆனால், பத்துப் பதினைந்து பேர் பார்க்க வேண்டிய வேலையை ஓரிருவர் பார்க்கிற சிறு கிளையில், மேலாளரை இரண்டு வாரம் வெளியூருக்கு அனுப்பினால் கிளை யார் கையில்? அப்படியே போனாலும் அங்கே அவர் கேட்கப்போவது பெருநகரக் கழகத்தின் கதை. திருநள்ளாற்றுச் சனிக்கிழமை அந்தப் பாடத்தில் இருக்காது.

பள்ளிக்கூடம் கிளைக்கே வரலாம். காரைக்காலில் அதற்கான ஆள்பலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ‘புதுச்சேரி என்ஐடி’ என்று பெயர் இருந்தாலும் அந்தக் கல்வி நிறுவனம் இருப்பது காரைக்காலின் திருவேட்டக்குடியில். கட்டடவியல், கணினித் துறைகள் அங்கே உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகத்தில் மேலாண்மை, வணிகவியல், கணினி அறிவியல் துறைகள் உள்ளன. கட்டடவியல்காரர் தடத்தையும் நெரிசலையும் அளக்கலாம். வணிகவியல்காரர் கிலோமீட்டருக்கு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பிரிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். கணினிக்காரர் மின்னணு டிக்கெட் கருவியில் குவிந்து கிடக்கும் தகவலைத் திறந்து காட்டலாம். பி.ஆர்.டி.சி.யும், எல்லைக்கு அப்பால் அதே சாலையில் வண்டி ஓட்டும் கும்பகோணம் கோட்டமும், தனியார் டவுன் பஸ் முதலாளிகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் அதுவே பாதிப் பாடம். ஒரே பயணியை ஏற்றுவதற்குப் போட்டி போட்டு ஒரே நிமிடத்தில் மூன்று வண்டி கிளம்புவதும், பிறகு அரை மணி நேரம் வண்டியே இல்லாததும் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்.

படிப்பு ஓராண்டு நீளும்; மாதத்துக்கு இரண்டு நாள் வகுப்பு. மீதி நாளெல்லாம் தன் கிளையிலேயே செய்முறை. பாடம் தமிழில். கிளை மேலாளர் மட்டும் போதாது. நாளைக்கு அந்த இருக்கைக்கு வரப்போகும் டைம் கீப்பர், செக்கிங் இன்ஸ்பெக்டர், மூத்த நடத்துநர் ஆகியோரும் சேரலாம். கால அட்டவணை, டூட்டி சார்ட், செலவுக் கணக்கு, இரு மாநில பர்மிட், விபத்தைக் குற்றம் சுமத்தாமல் ஆராய்வது, திருவிழாக் கூட்டம் என்று ஆறு பாடம். ஏழாவதாக ஒன்று இந்தக் கடற்கரைக்கே உரியது: புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நாகையும் காரைக்காலும் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். மீனவக் குப்பங்களிலிருந்து ஆட்களை மேட்டுக்குக் கொண்டுவரப் பேருந்துதான் வேண்டும். எந்த வண்டி எத்தனை மணி வரை ஓடலாம், எப்போது எல்லா வண்டியையும் பணிமனைக்குள் அடைக்க வேண்டும், மறுநாள் மரம் விழுந்த சாலையில் முதல் வண்டியை எந்தத் தடத்தில் அனுப்புவது என்பதற்கு எழுதிவைத்த நடைமுறை வேண்டும்.

இந்தப் படிப்புக்குப் பல் இருக்க வேண்டும் என்றால் புதுச்சேரி அரசு ஓர் ஆணை போட்டால் போதும்: குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு இந்தச் சான்று இல்லாதவர் கிளைப் பொறுப்புக்கு வர முடியாது. நடத்துநருக்கு முதலுதவிச் சான்று கேட்கத் தயங்காத இடத்தில் இதைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, ஆள்திறனை வளர்க்க வேண்டும் என்று எழுதி இரண்டு பத்தாண்டுகள் ஆகின்றன. அந்த வரி தலைநகரங்களைத் தாண்டி ஒரு கொம்யூன் பஞ்சாயத்து எல்லைக்குள் நுழைந்ததற்குக் காரைக்கால் முதல் எடுத்துக்காட்டாக இருக்கலாம்.

முதல் வகுப்புக்குக் கரும்பலகைகூட வேண்டாம். இருபது பேரை நான்கு குழுவாகப் பிரித்து, ஒரு சனிக்கிழமை விடிகாலை நான்கு மணிக்குத் திருநள்ளாறு சாலையின் நான்கு நிறுத்தங்களில் ஆளுக்கொரு நோட்டோடு நிறுத்தினால் போதும். வண்டி வந்த நேரம், இறங்கியவர், ஏறியவர், ஏற முடியாமல் நின்றுவிட்டவர் என்று நான்கு பத்தி. பத்து மணிக்கு எல்லோரும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கூடி நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். நான்காவது பத்தியில் இருக்கும் எண்ணைக் கூட்டி, மேலாளர் தன் கையால் அடுத்த சனிக்கிழமையின் டூட்டி சார்ட்டில் முதல் திருத்தத்தைப் போடட்டும்.